அலாஸ்கன் மாலமூட் வளர்ப்பு: எதை எப்போது செய்வது

அலாஸ்கன் மாலமூட், பனியில் சறுக்கு வண்டி இழுக்கும் பெரிய நாய் இனம். ஆறு மாத மாலமூட் குட்டியோடு கையைப் பிசைந்துகொண்டு வருகிறவர்களை விசாரித்தால், எல்லாமே செய்திருப்பார்கள். வேலி போட்டிருப்பார்கள், குட்டி ஒருமுறை ஓடிப்போன பிறகு. சீப்பு வாங்கியிருப்பார்கள், உள்மயிர் சிக்குப் பிடித்துப் பாயாகிப் போன பிறகு. நகம் வெட்டப் பழக்கியிருப்பார்கள், நாலு பேர் பிடித்தாலும் திமிறும் வயது வந்த பிறகு. மாலமூட் வளர்ப்பில் தனித்தனியாகப் பார்த்தால் எந்த வேலையும் பெரிய வித்தை கிடையாது. வரிசை பிசகினால்தான் ஒவ்வொன்றும் மல்லுக்கட்டாக மாறுகிறது. அதனால் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். தாவிப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் வெப்பம் பற்றிய ஏழாவது பகுதியை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள்.

1. கேட்பது எந்த நாய் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இன வரையறைப்படி கடுவனுக்குத் தோள் உயரம் 63 செ.மீ., எடை 38 கிலோ. பெட்டைக்கு 58 செ.மீ., 34 கிலோ. இதைவிடக் கனமான மாலமூட்டுகளும் உண்டு. "ராட்சத மாலமூட்" என்று சொல்லி விற்பவரிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். கூடுதல் எடை முழுவதும் மூட்டுகளின் தலையில்தான் விழும்.

சைபீரியன் ஹஸ்கியோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஹஸ்கி கடுவன் 20 முதல் 27 கிலோதான் இருக்கும், இலேசான சுமையை வேகமாக இழுக்கும். மாலமூட் கனமான சுமையை நிதானமாக, நெடுந்தூரம் இழுக்கும். ஹஸ்கிக்கு நீலக் கண் வரலாம். மாலமூட்டுக்குப் பழுப்புக் கண்தான், நீலக் கண் இருந்தால் கண்காட்சிப் போட்டியில் தகுதியே போய்விடும். நீலக் கண் குட்டியைக் காட்டி "சுத்தமான மாலமூட்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

குணத்தைப் பற்றி மூன்று விஷயம். முதலாவது, இது காவல் நாய் ஆகாது. முன்பின் தெரியாதவர் வந்தாலும் வாலைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு வரவேற்கும். இரண்டாவது, குரைப்பதைவிட ஊளையிடுவதும் "வூ-வூ" என்று பேசுவதும்தான் அதிகம். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஊளை பிடிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் புதியவர்களைத் தடுமாற வைப்பது: சொன்னது புரிந்தாலும் இது உடனே செய்யாது. உங்களை ஒரு பார்வை பார்க்கும், செய்வதால் தனக்கு என்ன லாபம் என்று கணக்குப் போடும், அப்புறம்தான் நகரும். பனிக்கட்டி மெலிந்திருக்கும் இடத்தில் ஓட்டுபவர் முன்னே போகச் சொன்னாலும் நிற்கத் தெரிந்த நாய்தான் வண்டிக்கு உதவும். நடுக்கூடத்தில் அதே குணம் பிடிவாதமாகத் தெரிகிறது.

ஆயுள் 10 முதல் 14 ஆண்டு. வளர்ந்த நாய்க்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரமாவது வேலையோ நடையோ வேண்டும். இந்த இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

2. குட்டியைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

வரிசையில் இது முன்னால் இருப்பதற்குக் காரணம் எளிது. எட்டு வார மாலமூட் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எவராலும் "பரிசோதனை அறிக்கை எங்கே?" என்று கேட்க முடியாது. நானே ஒருமுறை அப்படி வாயடைத்துப் போயிருக்கிறேன். எனவே நேரில் போவதற்கு முன் தாய், தந்தை இரண்டின் அறிக்கைகளையும் வாங்கிப் படியுங்கள்.

இடுப்பு மூட்டு எக்ஸ்-ரே கட்டாயம். நாய்களின் மூட்டு எக்ஸ்-ரேக்களை மதிப்பிடும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தருகிறது. தாய்க்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது, சான்றும் இருக்கிறது என்றால் அது தற்காலிக அறிக்கையாக இருக்கலாம், கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனையில் இரண்டு நோய்களைத் தேடுங்கள். ஒன்று மாலமூட் பாலிநியூரோபதி. நரம்புகள் பழுதடைந்து, குட்டி முயல்போல் பின்னங்காலைச் சேர்த்துக் குதிக்கும், சீக்கிரம் களைக்கும், குரல் மாறும். மற்றது பகல் குருடு. மங்கல் வெளிச்சத்தில் ஒழுங்காக நடக்கிற குட்டி வெயிலுக்கு வந்ததும் படியில் இடறும். இரண்டுமே பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். ஆகவே ஒரு பெற்றோர் அந்த மரபணுவே இல்லாதது என்று உறுதியானால், குட்டிக்கு நோய் வராது. "அப்பா அம்மா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்ற பதில் போதாது. நோயைச் சுமக்கும் நாய் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

கண் பரிசோதனை, தைராய்டு அறிக்கை இவையும் இருந்தால் நல்லது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருபவரிடம் வாங்க வேண்டாம். கடியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த அது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்கிற காலம் அது.

3. வேலி, தாழ்ப்பாள், குளிர்ந்த மூலை

இந்த மூன்றும் குட்டி வருவதற்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும். குட்டி சின்னதாக இருக்கிறபோது மெல்லச் செய்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் வேலியில் எந்த இடம் ஆடுகிறது என்பதை மூன்று மாதக் குட்டி கண்டுபிடித்துவைத்துக்கொண்டு, எட்டு மாதத்தில் பயன்படுத்தும்.

வேலி 180 செ.மீ. உயரம் இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடிப்பகுதி. வேலிக் கம்பிவலையை உள்பக்கமாக மடித்து, அரை மீட்டர் அகலத்துக்குத் தரையில் படுக்கவைத்து மண்ணையோ கல்லையோ போட்டு மூடுங்கள். நேராகக் கீழே புதைப்பதைவிட இது பலன் தரும், ஏனென்றால் நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். தோண்டிய இடத்தில் வலை தட்டுப்பட்டதும், இரண்டடி பின்னால் வந்து தோண்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் அதற்கு வராது.

தோண்டுவதை நிறுத்த முயலாதீர்கள். மேல்மண்ணுக்குக் கீழே குளுமை இருக்கிறது, அதில் படுக்கத்தான் தோண்டுகிறது. நிழலான ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி, மணல் கொட்டி, முதல் சில நாள் எலும்பையோ பொம்மையையோ அதில் புதைத்துவையுங்கள். இடத்தைக் காட்டிவிட்டால் மற்ற இடங்கள் ஓரளவு தப்பும்.

தாழ்ப்பாள் கதை ஒன்று. என் முதல் பெட்டை கதவுக்கு எதிரே படுத்துக்கொண்டு நான் தாழ்ப்பாள் போடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் மாடியிலிருந்து கவனித்தேன். எழுந்து வந்தது, தாழ்ப்பாளின் அடியில் மூக்கை நுழைத்தது, மேலே தூக்கியது. பாதி தூக்கியதும் கம்பி நழுவிக் கீழே விழுந்தது. அவசரப்படவில்லை. மறுபடி தூக்கி, இந்த முறை மூக்கால் தூக்கியபடியே தோளால் கதவைச் சாய்த்தது. திறந்துகொண்டது. நான் இறங்கி வருவதற்குள் தெருமுனையில் யாரோ ஒருவரிடம் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. அன்றிலிருந்து தூக்குகிற தாழ்ப்பாளே வைப்பதில்லை. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் திருகுக் கொக்கியை மாட்டிவிடுகிறேன். வெளிக்கதவுக்கு உள்ளே இரண்டாவதாக ஒரு கதவு வைக்க இடம் இருந்தால் இன்னும் நிம்மதி.

வீட்டுக்குள் ஓடு பதித்த, காற்றோட்டமான ஒரு மூலையைக் காலியாக விடுங்கள். மெத்தை போட்டு அழகுபார்க்க வேண்டாம், மெத்தையைத் தள்ளிவிட்டுத் தரையில்தான் படுக்கும். கூண்டு வாங்குவதானால் 120 செ.மீ. நீளமுள்ளதை ஒரேயடியாக வாங்கி, நடுவில் தடுப்பு வைத்துக் குட்டிக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளுங்கள். இடம் அதிகமானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் மூத்திரம் போகக் கற்றுக்கொள்ளும்.

4. எட்டாம் வாரம் முதல் பதினாறாம் வாரம் வரை

இந்த எட்டு வாரத்தில் உட்காரச் சொல்லிக்கொடுப்பது கடைசி வேலை. உட்காருவதை எந்த வயதிலும் கற்கும். உடம்பைத் தொடவிடுவதை இப்போது கற்காவிட்டால் பிற்பாடு படாதபாடு.

தினமும் ஐந்து நிமிடம்: பாதத்தைப் பிடியுங்கள், விரலுக்கு நடுவில் அழுத்துங்கள், காதுக்குள் பாருங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், வாலின் அடியைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தீனி. பிறகு நகவெட்டியைப் பாதத்தில் வைத்து எடுங்கள், வெட்டாமலே. மயிர் உலர்த்தும் புளோயரை அடுத்த அறையில் ஓடவிட்டுச் சாப்பாடு கொடுங்கள். சத்தத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பழகிய குட்டி, 38 கிலோ ஆன பிறகும் மேசையில் நின்று கொடுக்கும்.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். அது முடியும்வரை வெளியே கொண்டுபோகவே கூடாது என்று வீட்டிலேயே பூட்டிவைப்பவர்கள் உண்டு. புதிய ஆட்களும் சத்தங்களும் எளிதாக மனதில் பதிகிற காலம் ஏறத்தாழ பதினான்காம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குடை, சக்கர நாற்காலி, தாடிக்காரர், அழும் குழந்தை எல்லாவற்றையும் அது பார்க்கட்டும். தூக்க முடிகிற காலமும் அதுதான்.

மேலே தாவுவது, விரலைக் கடித்து விளையாடுவது: இரண்டையும் முதல் நாளிலிருந்தே அனுமதிக்காதீர்கள். தாவினால் திரும்பி நின்றுகொள்ளுங்கள். கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். அடிப்பதும் மல்லாக்கப் புரட்டி அமுக்குவதும் வேண்டாம். மாலமூட் சண்டைக்குச் சளைக்காது, நீங்கள் கற்றுக்கொடுப்பது சண்டையாக இருந்தால் அதையே கற்கும்.

5. சாப்பாடு

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது அளவில். உருவத்தைப் பார்த்து அள்ளிப் போடுகிறார்கள். மாலமூட்டின் உடம்பு குறைந்த தீனியில் நிறைய வேலை செய்யப் பழகியது. இதே எடையுள்ள வேறு நாய்க்குப் போடுவதைவிடக் குறைவாகவே போதும். பை மேல் அச்சிட்ட அளவைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கையால் சரிபாருங்கள்: விலாவில் உள்ளங்கையை வைத்து இலேசாக அழுத்தினால் எலும்புகளை எண்ண முடிய வேண்டும். கண்ணை நம்பாதீர்கள். அடர்ந்த மயிருக்குள் ஐந்து கிலோ கொழுப்பு தாராளமாக ஒளிந்துகொள்ளும்.

குட்டிக்குப் பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்று தயாரித்த தீனியே கொடுங்கள். அதில் கால்சியம் அளவோடு இருக்கும். "எலும்பு வலுப்பெறட்டும்" என்று தனியாகக் கால்சியம் மாத்திரை கொடுப்பது பெரிய பிழை. வளரும் பெரிய நாயின் குடலால் மிகுதியான கால்சியத்தை உறிஞ்சாமல் தவிர்க்க முடியாது, எலும்பு கோணலாக வளரும். அதோடு கால்சியம் மிஞ்சினால் துத்தநாகம் உடம்பில் சேர்வது தடைபடும். அதன் விளைவைப் பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

வளர்ந்த நாய்க்கு ஒரே வேளையாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து ஆழமான மார்புள்ள நாய்களுக்கு உண்டு. வேகமாக விழுங்கும் நாய்க்கு மேடு பள்ளம் உள்ள தட்டு உதவும். வயிறு நிறைந்தவுடன் ஓடவோ இழுக்கவோ விட வேண்டாம்.

தட்டைக் காப்பாற்றிக்கொள்ள உறுமும் பழக்கம் இந்த இனத்தில் அபூர்வம் அல்ல. அதை முறிக்கிறேன் என்று சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் அந்தப் பழக்கத்தைத் தாங்களே உருவாக்குகிறார்கள். எதிராகச் செய்யுங்கள். நாய் சாப்பிடும்போது அருகே போய், அதைவிட ருசியான ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். மனிதக் கை நெருங்கினால் தட்டு நிறையும் என்று அது எதிர்பார்க்க வேண்டும். வாயில் கவ்வியதை வாங்கவும் இதே பண்டமாற்றுதான்.

சமையல் மேடையில் எதையும் வைக்காதீர்கள். பின்னங்காலில் எழுந்து நின்றால் மேடை அதன் முகவாய்க்கு நேராக இருக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. குப்பைத்தொட்டிக்கும் மூடி பூட்டுகிற மாதிரி இருக்கட்டும்.

6. முதலில் தளர்ந்த கயிறு, பிறகுதான் இழுவை

இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் நாய்க்குக் குழப்பம். இழுவையை முதலில் தொடங்கினால் உங்கள் தோள்பட்டைக்குத் துன்பம்.

நடைக்கு ஒரு கழுத்துப்பட்டை, இழுவைக்கு ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) என்று தனித்தனியாக வையுங்கள், ஒருபோதும் மாற்றாதீர்கள். உடம்பில் மாட்டியிருப்பதை வைத்தே இப்போது என்ன வேலை என்று அது புரிந்துகொள்ளும். "இழுக்கவே கூடாது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்வதைவிட, "இது மாட்டினால் இழு, அது மாட்டினால் இழுக்காதே" என்பது அதற்கு நியாயமாகப் படும்.

தளர்ந்த கயிற்றுக்கு: கயிறு விறைத்ததும் மரம்போல் நின்றுவிடுங்கள். திருப்பி இழுக்காதீர்கள். பின்னால் இழுத்தால் முன்னால் தள்ளுவது நாயின் உடம்பு தன்னிச்சையாகச் செய்வது, மாலமூட்டிடம் அது இரண்டு மடங்கு. கயிறு தளர்ந்த நொடியில் நடங்கள். முதல் வாரம் நூறடி போக இருபது நிமிடம் ஆகும். ஆகட்டும். வீட்டில் ஒருவர் நின்று, இன்னொருவர் இழுபட்டுப் போனால் இந்த முறை பலிக்காது. எல்லோரும் நிற்க வேண்டும்.

வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். கூப்பிட்டால் வருகிறதே என்று மூன்று மாதம் பார்த்துவிட்டு அவிழ்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முயல் குறுக்கே ஓடியதும் கூப்பிட்ட குரல் காதில் ஏறவில்லை. பத்து மீட்டர் நீளக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள், சுதந்திரமும் கிடைக்கும், முனையும் உங்கள் கையில் இருக்கும்.

இழுவைக்கான பழக்கத்தைக் குட்டியிலேயே தொடங்கலாம், சுமையை மட்டும் தொடங்கக் கூடாது. எலும்பின் வளர்முனைகள் மூடுவதற்குப் பெரிய இனங்களில் ஒன்றரை வயதுவரை ஆகும். அதற்கு முன் சுமை ஏற்றினால் மூட்டு பழுதாகும். பத்து மாதத்தில் பார்க்க முழு நாய்போல் இருப்பதால் ஏமாந்துபோகிறார்கள்.

எனவே படிகள் இப்படி: முதலில் ஹார்னஸைச் சும்மா மாட்டிச் சாப்பாடு கொடுங்கள். அடுத்து ஒரு கயிற்றுத் துண்டைப் பின்னால் இழுத்தபடி நடக்கட்டும். பிறகு காலி பிளாஸ்டிக் புட்டி. பின்னால் ஏதோ கடகடவென்று துரத்திக்கொண்டு வருகிறது என்ற பயம் இந்தக் கட்டத்தில் போய்விட வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தவர்களின் நாய்கள்தான் முதல் நாள் வண்டியைக் கண்டு மிரண்டு ஓடுகின்றன. கூடவே சொற்களைப் பழக்குங்கள். பனிச்சறுக்கு வண்டிக்காரர்கள் கிளம்ப "ஹைக்", வலப்பக்கம் "ஜீ", இடப்பக்கம் "ஹா", நிற்க "வோ", எதையும் கவனிக்காமல் கடந்துபோக "ஆன் பை" என்கிறார்கள். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி, வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது "வோ". கிளம்ப அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றரை வயதுக்குப் பிறகு மருத்துவர் மூட்டுகளைப் பார்த்துச் சரி என்றதும் சிறிய டயர், பிறகு சக்கர வண்டி அல்லது சறுக்கு வண்டி. ஹார்னஸ் அளவெடுத்து வாங்குங்கள். அழுத்தம் மார்பெலும்பில் விழ வேண்டும், தொண்டையில் விழக் கூடாது. இழுத்தபடி நாய் இருமினால் கழுத்து அளவு சிறியது.

7. வெப்பம்

மாலமூட்டைக் கொல்லக்கூடிய தவறுகளில் பலவும் இங்கேதான் நடக்கின்றன. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் நாக்கிலிருந்து ஈரம் ஆவியாவது குறைந்து, இரைத்தும் பயனில்லாமல் போகிறது. எனவே வெப்பமானியை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் பாருங்கள்.

என் கணக்கு இது. 15 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இழுவை கிடையாது. 20-ஐத் தாண்டினால் நடையும் விடிவதற்கு முன் அல்லது இரவில். அதற்கும் மேலே போனால் குளிரூட்டிய அறை, மோப்ப விளையாட்டு, ஐஸ் கட்டிக்குள் உறையவைத்த தீனி. சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்தையும் வைக்கக் கூடாது. நிறுத்திய காருக்குள் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

மயிரை மழித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மேல்மயிர் வெயிலைத் தோலில் படவிடாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் சுடுபட்டுப் புண்ணாகும், சில நாய்களுக்கு மயிர் பழையபடி முளைக்காமலே போகும். செய்ய வேண்டியது உதிர்ந்த உள்மயிரை வாரி எடுத்துக் காற்றுப் போக வழிவிடுவது.

அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யட்டும்: நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச்சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி. இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும். பார்த்தவுடன் குழாய்த் தண்ணீரைத் தோல்வரை நனையும்படி ஊற்றி, விசிறியையும் ஓடவிடுங்கள். மாலமூட்டின் மயிரில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், விரலால் மயிரைப் பிரித்துவிட்டு ஊற்ற வேண்டும், வயிற்றையும் தொடையிடுக்கையும் முதலில். ஈரத்துண்டால் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். ஆசனவாய் வெப்பமானியில் 39.4-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், மேலும் தொடர்ந்தால் அளவுக்கு மீறி குளிர்ந்துவிடும். குளிரவைத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் போக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்தான் தெரியலாம்.

8. மயிர்

இரண்டு அடுக்கு. மேலே முரட்டு மயிர், அடியில் எண்ணெய்ப் பசையுள்ள பஞ்சு மயிர். சாதாரண நாட்களில் வாரம் இருமுறை சீவினால் போதும். ஆண்டுக்கு இருமுறை உள்மயிர் மொத்தமாகக் கழலும், அப்போது மூன்று நான்கு வாரத்துக்கு நாள்தோறும் வேலை.

வாங்க வேண்டியவை: நீண்ட பல்லுள்ள உள்மயிர்ச் சீப்பு, ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாகப் பதித்த பிரஷ்), இரும்புச் சீப்பு, நாய்களுக்கான அதிவேகப் புளோயர். கத்திபோன்ற விளிம்புள்ள உதிர்மயிர்க் கருவி வேண்டாம், அது மேல்மயிரை வெட்டிவிடும்.

முறை: நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இடக்கையால் மயிரை மேலே ஒதுக்கித் தோல் தெரிய ஒரு கோடு பிரியுங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மயிரை மட்டும் சீவுங்கள். பிறகு ஒரு விரல் மேலே அடுத்த கோடு. மேலோட்டமாகச் சீவினால் பளபளவென்று தெரியும், அடியில் காதுக்குப் பின்னும் தொடையிலும் பாய்போல் சிக்குப் பிடித்திருக்கும். உதிரும் பருவத்தில் தொடையருகே ஒரு கொத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள், வேரில்லாத பஞ்சுத் துண்டாக வலியே இல்லாமல் கையோடு வரும். அப்படி வருகிற இடத்தில் சீப்பு வேலை தொடங்கலாம்.

குளிப்பாட்டுவதற்கு முன் சிக்கை எடுத்துவிட வேண்டும், நனைந்தால் சிக்கு இறுகும். குளித்த பிறகு தோல்வரை உலர்த்துவது இன்னும் முக்கியம். என் இரண்டாவது நாயைக் குளிப்பாட்டி, மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று விட்டேன். இரண்டாம் நாள் கழுத்தடியில் ஒரு வாடை. மயிரைப் பிரித்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கசியும் புண். ஈரம் உள்மயிரில் தங்கிப் புழுங்கிவிட்டது. புளோயர் அடிக்கும்போது மயிர் சுழல்போல் விரிந்து நடுவில் தோல் தெரியும். அந்தச் சுழலின் அடியில் இருக்கும் மயிர் திரிதிரியாக ஒட்டாமல் தனித்தனியாகப் பறக்கும்வரை விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

9. மற்ற உயிர்களோடு

வளர்ந்த கடுவனோடு இன்னொரு கடுவன், பெட்டையோடு இன்னொரு பெட்டை ஒத்துப்போகாமல் போகலாம். குட்டியில் ஒன்றாக உருண்டவை ஒன்றரை இரண்டு வயதில் திடீரென மோதும். இரண்டாவது நாய் வேண்டுமென்றால் எதிர்ப்பாலாக எடுங்கள், சாப்பாட்டுத் தட்டுகளை வெவ்வேறு அறையில் வையுங்கள்.

பூனை, கோழி, முயல் எல்லாம் இதற்கு இரை. வீட்டுப் பூனையோடு வளர்ந்த மாலமூட்கூட அடுத்த வீட்டுப் பூனையை விட்டுவைக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும், ஆனால் வால் வீச்சிலேயே தவழும் குழந்தை விழுந்துவிடும். பெரியவர் கண்பார்வையில் இல்லாமல் இருவரையும் ஓர் அறையில் விடாதீர்கள்.

10. மருத்துவரிடம் எப்போது

கண், வாயைச் சுற்றியும் பாதத்திலும் மயிர் கொட்டிப் பொருக்குப் பொருக்காகப் படிந்தால், அது துத்தநாகக் குறைவால் வரும் தோல் நோயாக இருக்கலாம். மாலமூட்டுக்கும் ஹஸ்கிக்கும் இது அதிகம். சில நாய்களின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது, நல்ல தீனி போட்டும் வரும். ஒவ்வாமை என்று நினைத்து மாதக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருப்பது வழக்கமான தவறு. தோல் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துத்தநாக மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் அதுவே நஞ்சு.

எடை ஏறி, சுறுசுறுப்புக் குறைந்து, மயிர் மங்கினால் தைராய்டு பாருங்கள். எழுந்திருக்கும்போது பின்னங்காலைச் சேர்த்துத் தள்ளி எழுந்தாலோ படியேறத் தயங்கினாலோ இடுப்பு எக்ஸ்-ரே.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் நடந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் உயிர் போகும். எந்த மருத்துவமனை இரவில் திறந்திருக்கும், அங்கே அறுவை சிகிச்சைக்கு ஆள் இருப்பார்களா என்பதைக் குட்டி வந்த வாரமே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் கதவில் ஒட்டிவையுங்கள். கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடும் முறையும் உண்டு. பெரிய இனங்களுக்குக் கருத்தடையை வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடுவது பற்றியும் அதே உட்காரலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது காரில் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை ஒன்று வைத்திருங்கள், அதில் ஏறவும் குட்டியிலேயே பழக்குங்கள். உடம்பு முடியாத 38 கிலோவை ஒற்றை ஆளாகத் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாது.